ஆக்‌ஷன் ரிசர்ச் எனக்கு வராதுன்னு எழுதின டீச்சருக்கு

பண்ருட்டி பக்கத்துல ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில 14 வருஷமா வேலை பாக்குற டீச்சர் ஒருத்தங்க நாலு பக்கம் எழுதியிருக்காங்க. பேர், ஊர், பள்ளி எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன்.

அவங்க எடுக்குறது நாலாம் வகுப்பு, 26 பிள்ளைங்க. இந்த வருஷம் செயல் ஆராய்ச்சி (ஆக்‌ஷன் ரிசர்ச், அதாவது தன் வகுப்புல இருக்குற ஒரு பிரச்சினைக்கு டீச்சரே ஒரு வழி செஞ்சு பாத்து, மாற்றம் வந்துச்சான்னு அளக்குறது) பண்ணி அறிக்கை கொடுக்க வேண்டியவங்க லிஸ்ட்ல இவங்க பேரும் வந்துடுச்சு. ஒரு நாள் பயிற்சிக்கு கூப்பிட்டு பிபிடி போட்டு கருதுகோள், மாறி, சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு (புது முறையில சொல்லித் தராம, ஒப்பிட்டுப் பாக்க மட்டும் வெச்சுக்குற பிள்ளைங்க), டி டெஸ்ட் (ரெண்டு சராசரிக்கு நடுவுல இருக்குற வித்தியாசம் தற்செயலா வந்ததான்னு பாக்குற புள்ளியியல் சோதனை)னு மத்தியானம் வரைக்கும் சொல்லிட்டு சாப்பாட்டுக்கு அப்புறம் மாதிரி அறிக்கை ஒண்ணை கையில கொடுத்து அனுப்பிட்டாங்க. பிஎட்ல இதை ஒரு பாடமா படிச்சு பாஸும் பண்ணியிருக்காங்க, ஆனா பண்ணினது இல்ல. கூட வேலை பாக்குற சீனியர் சார் ஒருத்தர் "எதுக்கும்மா தலைய உடைச்சுக்குறீங்க, டைப்பிங் கடையில ரெடிமேடா இருக்கு, பேரையும் ஸ்கூலையும் மாத்தி பைண்டிங் பண்ணி கொடுத்துடலாம்"னு சொல்லியிருக்கார். ஹெச்எம் என்னன்னா "நம்ம பிள்ளைங்களுக்கு கழித்தல் வரலன்னு நாமளே எழுதிக் கையெழுத்து போட்டு மேல அனுப்பணுமா"ன்னு கேட்டிருக்கார். இவங்களுக்கு கணக்குல கடன் வாங்கி கழிக்கிறதைத்தான் எடுக்கணும்னு ஆசை, ஏன்னா 26 பேர்ல 17 பேர் தப்பு பண்றாங்க. ஆனா புள்ளியியல் தெரியாது, பாதி வகுப்புக்கு மட்டும் சொல்லிக் கொடுக்க மனசு வரல, ரிசல்ட் வரலன்னா தன் மேலயே பழி வந்துடுமோன்னு பயம். கடைசியில "நான் டீச்சர் சார், ஆராய்ச்சியாளர் இல்ல, இது எனக்கு வருமா"ன்னு கேட்டு முடிச்சிருக்காங்க.

டீச்சர், உங்க லெட்டரை மூணு தடவ படிச்சேன். நீங்க பெருசா கவலைப்பட்டு எழுதின இடங்களை விட ரெண்டாவது பக்கத்துல போற போக்குல எழுதின ஒரு வரிதான் என்னை நிறுத்துச்சு: "52லேருந்து 27 கழிக்க சொன்னா 9 பேர் 35னு போட்டிருக்காங்க சார், ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதியிருப்பாங்க போல." செயல் ஆராய்ச்சி வராதுன்னு சொல்றவங்க 17 பேர் தப்புன்னு எண்ணுறதோட நிறுத்தியிருப்பாங்க. நீங்க அந்த 17 நோட்டையும் பிரிச்சு, எந்த தப்பு எத்தனை தடவ வந்திருக்குன்னு பாத்திருக்கீங்க. உங்களுக்கு பாதி வேலை முடிஞ்சாச்சு. ஆனா "பாத்து எழுதியிருப்பாங்க"ன்னு சொன்னீங்களே, அங்கதான் நான் கொஞ்சம் மாறுபடுறேன்.

அந்த 35 எங்கேருந்து வந்துச்சு

52 − 27. ஒரு பிள்ளை ஒன்றுகள் இடத்தைப் பாக்குது, மேல 2, கீழ 7. ரெண்டுலேருந்து ஏழு போகாதுன்னு தெரியுது, அதனால பெருசுலேருந்து சின்னதை எடுத்துடுது. 7லேருந்து 2 போனா 5. பத்துகள் இடத்துல 5லேருந்து 2 போனா 3. விடை 35.

இன்னொரு பிள்ளை ஒழுங்கா கடன் வாங்குது. 2 பக்கத்துல ஒண்ணு போட்டு 12 ஆக்கி 12லேருந்து 7 போனா 5னு எழுதுது. ஆனா பக்கத்துல இருந்த 5 இப்ப 4 ஆயிடுச்சுங்குறதை மறந்துட்டு 5லேருந்து 2 போனா 3னு எழுதுது. விடை அதே 35.

பாத்தீங்களா, ரெண்டு பிள்ளையும் ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பாக்கவே இல்ல. ரெண்டு பேருக்கும் பிரச்சினை வேற வேற, மருந்தும் வேற வேற, ஆனா நோட்டுல ரெண்டும் ஒரே 35 தான். நீங்க சிவப்பு இங்க்ல ரெண்டுக்கும் ஒரே மாதிரி தப்பு போட்டு பத்து கணக்கு சேத்து கொடுத்தா முதல் பிள்ளை அதே தப்பை பத்து தடவ பழகிக்கும், அவ்ளோதான். 1978ல அமெரிக்காவுல ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு பேர் பிள்ளைங்க கழித்தல்ல பண்ற தப்புகளை கம்ப்யூட்டர்ல மாதிரி போட்டு ஆராய்ஞ்சாங்க. பல தப்பு கவனக்குறைவுல வர்றது இல்ல, பிள்ளை மனசுக்குள்ள ஒரு தப்பான விதி இருக்கு, அதை ஒழுங்கா, ஒவ்வொரு தடவையும் மாறாம கடைப்பிடிக்குது, அதனாலதான் தப்பு வருதுன்னு காட்டினாங்க. பிள்ளை யோசிக்காம தப்பு பண்ணல, யோசிச்சுத்தான் பண்ணுது.

இதுல உங்களால ஒரு சின்ன திருத்தம் பண்ண முடியும். ஒன்றுகள் இடத்துல மேல இருக்குற எண்ணுக்கும் கீழ இருக்குற எண்ணுக்கும் வித்தியாசம் 5ஆ இருந்தா ரெண்டு வகைத் தப்பும் ஒரே விடைல வந்து ஒளிஞ்சுக்கும், 52 − 27 அப்படிப்பட்ட கணக்கு. அதை 53 − 27னு மாத்திப் பாருங்க. சரியான விடை 26. பெருசுலேருந்து சின்னதை எடுக்குற பிள்ளை 34னு எழுதும், பக்கத்துல குறைக்க மறக்குற பிள்ளை 36னு எழுதும். கேள்வியை மாத்தினதுமே பிள்ளை என்ன நினைக்குதுன்னு விடையே சொல்லிடுது. அதே மாதிரி 60 − 24 கொடுங்க. 36 சரி. 44 வந்தா பூஜ்யத்தைத் தாண்டி 4ஐ அப்படியே இறக்கியிருக்கு, 46 வந்தா கடன் வாங்கி குறைக்க மறந்திருக்கு, 40 வந்தா பூஜ்யத்துலேருந்து எதை எடுத்தாலும் பூஜ்யம்தான்னு நினைக்குது. பயிற்சியில "ஆய்வுக் கருவி உருவாக்குதல்"னு ஒரு ஸ்லைடு போட்டு உங்களை பயமுறுத்தினாங்களே, அது இதுதான் டீச்சர். ஏழெட்டு கணக்கு, ஒவ்வொண்ணும் எதுக்குன்னு யோசிச்சு வெச்சது.

அதுக்கு அப்புறமும் சந்தேகம் இருக்குற பிள்ளையை பக்கத்துல உக்கார வெச்சு "நீ இதை எப்படி போட்டன்னு எனக்கு சொல்லிக் கொடு"ன்னு கேளுங்க. ஏன் தப்பா போட்டேன்னு கேக்காதீங்க, கேட்டா வாய மூடிக்கும். நான் ஒரு வகுப்புல இப்படி கேட்டப்ப ஒரு பொண்ணு "பக்கத்து வீட்டுல கடன் வாங்கினேன் சார்"னு தெளிவா சொல்லிச்சு. சரி, வாங்கினதுக்கு அப்புறம் அந்த வீட்டுல எவ்ளோ இருக்குன்னேன். "அவங்ககிட்ட நெறைய இருக்கும் சார்"னு சொல்லிச்சு. கடன்னு நாம சொல்ற வார்த்தையையே அந்த பிள்ளை எப்படி எடுத்துக்கிட்டிருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. புத்தகத்துல இனமாற்றம்னு (ஒரு பத்தை பத்து ஒன்றுகளா மாத்துறது) போட்டிருக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு, நாமதான் பேச்சு வழக்குல கடனுக்கு போயிடுறோம்.

பெத்தவங்க மேல போட்ட பழி

லெட்டர்ல ரெண்டு இடத்துல "அப்பா அம்மா முந்திரி வேலைக்கு போறவங்க, வீட்டுல பாக்க ஆள் இல்ல, அதான் பிள்ளைங்களுக்கு கணக்கு ஏறல"ன்னு எழுதியிருக்கீங்க. உங்க ஆதங்கம் புரியுது, அதுல உண்மை இல்லாமலும் இல்ல. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, அந்த காரணம் உங்க கையில இல்ல, உங்க கையில இல்லாத காரணத்தை எடுத்து செயல் ஆராய்ச்சி பண்ண முடியாது, வேணும்னா புலம்பலாம். ரெண்டு, அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு கணக்கு தெரியாதுன்னு நாம சீக்கிரமா முடிவு கட்டிடுறோம். 1985ல பிரேசில்ல ரெசிஃபே நகரத்துல தெருவுல தேங்காய், பழம் விக்கிற பிள்ளைங்களை ஆராய்ஞ்சவங்க ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. வியாபாரத்துல வாயால சரியா போடுற அதே கணக்கை பேப்பர்ல எழுதிக் கொடுத்தா அந்த பிள்ளைங்களே தப்பா போட்டாங்க. உங்க வகுப்புலயும் நாளைக்கே பாருங்க, 36னு எழுதின பையனைக் கூப்பிட்டு "கடைக்கு 53 ரூபா எடுத்துட்டு போற, 27 ரூபாக்கு சாமான் வாங்குற, மீதி எவ்ளோ"ன்னு கேளுங்க. 26னு சொன்னா பிரச்சினை அவன் மூளையிலயோ வீட்டுலயோ இல்ல, எண்ணை மேலயும் கீழயும் எழுதுற முறைக்கும் அவன் அறிவுக்கும் நடுவுல பாலம் இல்ல. அந்த பாலத்தை கட்ட வேண்டியது நாமதான்.

ஆராய்ச்சியாளர் யாரு

"இது யுனிவர்சிட்டில எம்ஃபில், பிஎச்டி பண்றவங்க வேலை"ன்னு நீங்க நினைக்குறதுல தப்பில்ல, அப்படித்தான் நமக்கு அறிமுகம் ஆச்சு. ஆனா இது தொடங்கின விதம் வேற. 1946ல குர்ட் லெவின்ங்குற சமூக உளவியலாளர் இந்த பேரை வெச்சு எழுதினார், வெளியிலேருந்து வேடிக்கை பாத்து எழுதுற ஆராய்ச்சி மட்டும் போதாது, செஞ்சு பாத்து, விளைவை அளந்து, திரும்ப திட்டம் போடணும்னு. 1953 வாக்குல அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டில ஸ்டீபன் கோரி அதை பள்ளிக்கூடத்துக்கு கொண்டு வந்தார். 1975ல இங்கிலாந்துல லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் ஆசிரியரே ஆராய்ச்சியாளர்னு சொன்னார். அதுக்கு அப்புறம் ஆஸ்திரேலியாவுல கெம்மிஸும் மெக்டகார்ட்டும் நாலு படியா பிரிச்சாங்க: திட்டமிடு, செய், கவனி, யோசிச்சுப் பாரு, அப்புறம் மறுபடி முதல்லேருந்து. எல்லாருமே ஆராய்ச்சியை டீச்சர் கையில கொடுக்கத்தான் பாடுபட்டாங்க. நம்ம ஊர்ல 1986 தேசியக் கல்விக் கொள்கைக்கு அப்புறம் மாவட்டத்துக்கு ஒண்ணா வந்த டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) நிறுவனங்களோட வேலைல செயல் ஆராய்ச்சியும் ஒண்ணு, கடலூர் மாவட்டத்துக்கு அது வடலூர்ல இருக்கு. எண்ணம் நல்ல எண்ணம்தான். நடுவுல அது அறிக்கையாவும் எண்ணிக்கையாவும் மாறிடுச்சு, ஒன்றியத்துக்கு இத்தனைன்னு கேட்டா யாருக்குத்தான் ஆசை வரும்.

ஆசிரியர்களுக்கு இதுல விருப்பம் இல்லன்னு கூட்டத்துல சுலபமா சொல்லிடுறாங்க. நான் பாத்த வரைக்கும் பெரும்பாலானவங்களுக்கு விருப்பம் இருக்கு, பழக்கம்தான் இல்ல. அதுலயும் டி டெஸ்ட் தெரியாததால யாரும் தோத்துப் போகல. கேள்வியைச் சின்னதா வெட்டிக்கத் தெரியாமத்தான் தோத்துப் போறாங்க. "மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துதல்"னு தலைப்பு வெச்சுட்டா கடலை கையால இறைக்கிற மாதிரி ஆயிடும். உங்க தலைப்பு இப்படி இருக்கட்டும்: நாலாம் வகுப்புல ரெண்டு இலக்கக் கழித்தல்ல பத்தைப் பிரிச்சு எழுதுறப்ப பிள்ளைங்க பண்ற ரெண்டு வகைத் தப்பு, மூட்டை அவுத்துக் காட்டுறதால குறையுதா? மூட்டை என்னன்னு கீழ சொல்றேன்.

இன்னொண்ணும் கேட்டிருந்தீங்க, எண்ணும் எழுத்தும் திட்டத்துல ஏற்கனவே ஆப்ல மதிப்பீடு போடுறோமே, இது எதுக்கு தனியான்னு. அந்த மதிப்பீடு ஒரு பிள்ளை எந்தப் படியில இருக்கு, அரும்பா மொட்டா மலரான்னு சொல்லும். மொட்டுல இருக்குற பிள்ளை ஏன் 34னு எழுதிச்சுன்னு உங்களாலதான் சொல்ல முடியும்.

எட்டு வாரத்துக்கு ஒரு வழி

எப்ப தொடங்கணும்ங்குறதுலயே பாதி இருக்கு. உங்க பக்கம் மார்ச், ஏப்ரல்ல முந்திரி பொறுக்குற சீசன், பிள்ளைங்க வருகை தொங்கிடும், அப்ப பண்ணாதீங்க. மழை மாசமும் நமக்கு நம்பிக்கை இல்ல. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணை வெள்ளம் வந்தப்ப எத்தனை பள்ளிக்கூடம் எத்தனை நாள் மூடிக் கிடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஜூலை நடுவுல ஆரம்பிச்சு காலாண்டுக்கு முன்னாடி முடிக்கிறதுதான் நல்லது.

முதல் வாரம் எதுவும் புதுசா சொல்லித் தராதீங்க. எட்டு கணக்கு கொடுங்க, நாலு நாள் கழிச்சு எண்ணை மட்டும் மாத்தி அதே வகைல இன்னொரு எட்டு. ரெண்டாவது தடவ சில பிள்ளைங்க தானா சரியா போட்டுடும், லீவு விட்டு வந்த மறதிதான் அவங்களுக்கு, அவங்களை கணக்குல சேத்தா உங்க முறைக்கு இல்லாத பேர் கிடைச்சுடும். ரெண்டு தடவையும் தப்பு பண்றவங்கதான் உங்க பிள்ளைங்க. நோட்டுல ஒரு கட்டம் போட்டுக்கோங்க, பிள்ளைக்கு பேர் வேண்டாம், 1லேருந்து 26 வரைக்கும் நம்பர். பெருசுலேருந்து சின்னதை எடுத்தா "பெ", குறைக்க மறந்தா "ம", பூஜ்யத்துல தடுக்கினா "பூ". இது போதும்.

அடுத்த மூணு வாரம் வேலை, தினமும் 15 நிமிஷம். மூட்டைன்னு சொன்னேனே, பழைய துணியில சின்ன சின்ன பை தைச்சு ஒவ்வொண்ணுலயும் பத்துப் பத்தா புளியங்கொட்டை போட்டு முடிச்சுப் போட்டுடுங்க. முந்திரி ஊராச்சேன்னு முந்திரிக்கொட்டைய எடுத்துடாதீங்க, தோட்டுல இருக்குற எண்ணெய் பட்டா கை வெந்துடும், உங்க பிள்ளைங்க வீட்டுல அம்மா கையைப் பாத்திருப்பாங்க. அஞ்சு மூட்டை, மூணு உதிரி வெச்சுட்டு 27 கொடுன்னு கேளுங்க. "பெ" வகைப் பிள்ளை இங்க திணறும், ஏன்னா அது பேப்பர்ல எந்த 7லேருந்து 3ஐ எடுத்துச்சோ அந்த 7 அதுகிட்ட இல்லவே இல்ல, அது கொடுக்க வேண்டியது. கையில மூணுதான் இருக்கு, ஏழு கொடுக்கணும், வேற வழியில்லாம ஒரு மூட்டைய அவுத்தே ஆகணும், அந்த முடிச்சை அதோட விரலாலயே அவுக்கட்டும், நீங்க உதவி பண்ணாதீங்க. இந்த பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் எழுத்தே வேண்டாம். "ம" வகைக்கு இவ்ளோ தேவையில்ல, அவங்களுக்கு அவுக்கத் தெரியும், எழுதத்தான் மறக்குது. அவங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: "அவுத்ததுக்கு அப்புறம் மூட்டை எத்தனை?" பதிலை வாயால சொல்லி, பழைய எண்ணை அடிச்சு, மேல புது எண்ணை எழுதிட்டுத்தான் கழிக்கணும்.

சாயங்காலம் மணி அடிச்சதும் நோட்டுல மூணு வரி எழுதுங்க, இன்னிக்கு என்ன பண்ணேன், எந்த நம்பர் பிள்ளை என்ன சொல்லிச்சு, நாளைக்கு என்ன மாத்தணும். வீட்டுக்கு போய் எழுதிக்கலாம்னு வெச்சா எழுத மாட்டீங்க, பஸ் ஏறினதும் வேற உலகம். இந்த நோட்டுதான் நிஜமான ஆராய்ச்சி, அறிக்கை இதுலேருந்து ரெண்டு நாள்ல எழுதிடலாம். அஞ்சாம் வகுப்பு டீச்சரையோ உங்க ஆசிரியர் பயிற்றுநரையோ ஒரு நாள் வந்து பின்னால உக்காந்து பாக்க சொல்லுங்க, நீங்க யாரை அதிகமா கேக்குறீங்க, யாரை விட்டுடுறீங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

அஞ்சாவது வாரம் ஒரு தேர்வு. அதோட முடிச்சுடாதீங்க. ரெண்டு வாரமோ மூணு வாரமோ அந்தப் பக்கமே போகாம இருந்துட்டு சொல்லாம கொள்ளாம இன்னொரு தடவ கொடுத்துப் பாருங்க. நாம தனியா கவனிக்குறோம்ங்குற சந்தோஷத்துலயே பிள்ளைங்க கொஞ்ச நாளைக்கு நல்லா பண்ணும், அது நிலைச்சுதான்னு இந்தக் கடைசித் தேர்வுதான் காட்டும்.

புள்ளியியலும் ரெண்டு குழுவும்

26 பிள்ளைங்களுக்கு டி டெஸ்ட் போட்டே ஆகணும்னு எந்த அவசியமும் இல்ல. "முன்தேர்வுல பெ வகை 8 பேர், பின்தேர்வுல 2 பேர், மூணு வாரம் கழிச்சு 3 பேர்"னு எழுதினா படிக்கிற எல்லாருக்கும் புரியும் (எண் என்னோட உதாரணம், உங்களுது வேற மாதிரி வரும்). சராசரி கூட உங்களுக்கு உதவாது, வகுப்பு சராசரி ஏறியிருக்கும், ரெண்டு பிள்ளை இன்னும் அங்கயே நிக்கும், சராசரி அதை மறைச்சுடும். ரெண்டு தேர்வுக்கும் வந்த பிள்ளைங்களை மட்டும் எண்ணுங்க, வராதவங்க எத்தனை பேர்னு தனியா எழுதுங்க.

பாதி வகுப்புக்கு மட்டும் சொல்லித் தர மனசு வரலன்னீங்க, உங்க மனசு சரியாத்தான் சொல்லுது. 13 பேரை விட்டுட்டு 13 பேருக்கு சொல்லித் தந்தா விட்டுப்போன பிள்ளைக்கு நாளைக்கு யார் பதில் சொல்றது? அதோட ஒரே வகுப்புல அது நடக்கவும் நடக்காது, சாப்பாட்டு நேரத்துல ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக் கொடுத்துடுவான். கட்டுப்பாட்டுக் குழு இல்லாததால உங்க முறைதான் முழுக் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, அது உண்மைதான். "இந்த வகுப்புல, இந்த எட்டு வாரத்துல, இப்படி நடந்துச்சு"ன்னு எழுதுங்க. செயல் ஆராய்ச்சி அதுக்கு மேல சொல்லணும்னு யாரும் எதிர்பாக்கல.

அந்த ரெடிமேட் அறிக்கை

வேண்டாம் டீச்சர். அதுல இருக்குற எண்ணுக்கு அடியில உங்க கையெழுத்து இருக்கும், நாளைக்கு யாராவது ஒப்பிட்டுப் பாத்தா சீனியர் சார் வந்து நிக்க மாட்டார், டைப்பிங் கடைக்காரரும் வர மாட்டார். நான் ஒரு பயிற்சி நிறுவனத்துல இருந்தப்ப ஒரு வருஷம் அறிக்கைகளை மதிப்பீடு பண்ண உக்காந்தேன். மூணு ஒன்றியத்துலேருந்து வந்த மூணு அறிக்கையில முன்தேர்வு சராசரி, பின்தேர்வு சராசரி, டி மதிப்பு எல்லாம் தசமப்புள்ளி வரைக்கும் ஒண்ணு. ஒண்ணுல அட்டையில பள்ளி பேரை மாத்தினவங்க பதினோராம் பக்கத்துல மாத்த மறந்துட்டாங்க. திருப்பி அனுப்பணும்னு எடுத்து வெச்சேன். எண்ணிக்கை குறையுது, வாங்கி வைங்கன்னு மேல சொன்னாங்க, வாங்கி வெச்சேன். அன்னிக்கு நான் கையெழுத்து போடாம இருந்திருக்கணும். அந்த மூணு டீச்சரும் கெட்டவங்க இல்ல, உங்களை மாதிரி பயந்தவங்க, பக்கத்துல உக்காந்து ரெண்டு நோட்டைப் பிரிச்சுக் காட்ட ஆள் இல்லாதவங்க. இதை இவ்ளோ நீளமா உங்களுக்கு எழுதுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஹெச்எம் கிட்ட எப்படி பேசுறது, பிள்ளைங்க பேரை எப்படி காப்பாத்துறது

ஹெச்எம் பயத்தை சின்னதா நினைக்காதீங்க, பள்ளி பேர் கெட்டா முதல் கேள்வி அவருக்குத்தான் வரும். அவர்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, 2009 கல்வி உரிமைச் சட்டம் 24வது பிரிவுல ஆசிரியரோட கடமைன்னு போட்டிருக்குறதுல ஒவ்வொரு குழந்தையோட கற்கும் திறனையும் மதிப்பிட்டு தேவைப்பட்டா கூடுதலா சொல்லித் தரணும்னும் இருக்கு. நீங்க பண்ணப்போறது அதேதான், பாடத்தை விட்டுட்டு பண்ற வெளி வேலை இல்ல. ரெண்டு, தலைப்புல "கழித்தல் தெரியாத மாணவர்கள்"னு வராது, என்ன தப்பு வருது, எந்த முறையில குறையுதுன்னுதான் வரும். அறிக்கையை அனுப்புறதுக்கு முன்னாடி அவர் படிக்கட்டும், வெளிய பகிர்ற பிரதியில பள்ளி பேர் இல்லாம கொடுக்கலாமான்னு டயட்ல முன்கூட்டியே கேட்டுக்கோங்க. முன்தேர்வு மார்க்கு குறைவா வந்தா உங்க மேல பழி வருமோன்னு பயப்படுறீங்க. முன்தேர்வுல எல்லாரும் சரியா போட்டுட்டா ஆராய்ச்சி பண்ண அங்க எதுவுமே இல்லையே. பின்தேர்வுலயும் மாறலன்னா எதை மாத்திப் பாத்தீங்க, எங்க நின்னுச்சுன்னு எழுதுங்க, அதை படிக்கிற இன்னொரு டீச்சர் அதே எட்டு வாரத்தை வீணாக்க மாட்டாங்க.

எனக்கு அனுப்பின அஞ்சு நோட்டு போட்டோவுல பிள்ளைங்க பேரும் வகுப்பும் தெளிவா தெரிஞ்சுது, பாத்ததும் அழிச்சுட்டேன். இனிமே அட்டையை மறைச்சுட்டு எடுங்க, வாட்ஸாப் குரூப்புல போடவே போடாதீங்க. முகம் தெரியுற போட்டோ அறிக்கைக்கு தேவையே இல்ல, கையும் மூட்டையும் தெரிஞ்சா போதும், அதுக்கும் அம்மா அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. "மெல்லக் கற்போர்"னு தனி பெஞ்சு போட்டு உக்கார வைக்காதீங்க. அதே சட்டத்தோட 17வது பிரிவு அடிக்கிறதை மட்டும் தடுக்கல, மனசை நோகடிக்கிறதையும் தடுக்குது. மூட்டை வேலையை எல்லாருக்கும் கொடுங்க, "பெ" பிள்ளைங்க பக்கத்துல நீங்க கொஞ்சம் அதிக நேரம் உக்காருங்க, அவ்ளோதான் வித்தியாசம், மத்தவங்களுக்கு தெரியவே வேண்டாம்.

வர்ற திங்கக்கிழமை 53 − 27, 60 − 24 ரெண்டை மட்டும் போர்டுல எழுதிப் போடுங்க. எத்தனை 34, எத்தனை 36, எத்தனை 44னு ஒரு துண்டு சீட்டுல குறிச்சு எனக்கு அனுப்புங்க, பேர் வேண்டாம், நம்பர் போதும். அதை வெச்சு மீதி ஆறு கணக்கை நாம சேந்து எழுதிக்கலாம்.